பிள்ளைச்சாவடி பஸ்

உப்புக்காத்து பட்டா தகரம் துருப்பிடிச்சுடுங்க. எங்க வீட்டு மாடி ஜன்னல் கடலைப் பார்த்த ஜன்னல். அதனால முதல்ல ஒரு கான்ஸ்டபிளை அனுப்பி, மாடியில இருக்கிற பொம்மை ரயில் மேல ஒரு வேட்டியை விரிச்சு மூடச் சொல்லுங்க. பழைய வேட்டி பீரோவுல கீழ்த்தட்டுல மடிச்சு வச்சிருக்கேன். இஞ்சினை மட்டும் யாரும் தொட வேணாம். அதை முடுக்கிற சாவி என் இடுப்புல, வீட்டுச் சாவிக் கொத்தோடதான் இருக்கு. அந்த ஒரு காரியத்தைச் செஞ்சுட்டீங்கன்னா நான் நிம்மதியா உக்காந்து நீங்க கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லுவேன்.

என் பேரு அமிர்தவல்லி. போன ஞாயித்துக்கிழமை பஸ்ஸுல செத்துப்போன கலியமூர்த்தி என் கூடப்பிறந்த தம்பி. அவனைப் பெத்துப் போட்டுட்டு எங்கம்மா கண்ணை மூடினப்ப நான் பாவாடை கட்டிக்கிட்டு இருந்தவ. இடுப்புல தூக்கிச் சுமந்து, சோறூட்டி, பள்ளிக்கூடத்துல கொண்டு விட்டு வளர்த்தவ நான்தான். அந்தத் தம்பி, இந்தக் காலம் போன காலத்துல என்னை விட்டுட்டு பிரான்சுக்குக் கப்பல் ஏறுறதா இருந்தான். அவன் போறதா, இருக்கிறதாங்கிறதுதான் நாலு மாசமா எங்க வீட்டுல இருந்த ஒரே விஷயம். அதுக்கு மேல பெருசா ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுல யாரும் குரலை ஒசத்திப் பேசி பக்கத்து வீட்டுக்காரங்க கூடக் கேட்டதில்ல. வேணும்னா விசாரிச்சுப் பாருங்க.

வீட்டை எழுதி வாங்கறதுக்காக நான் ஏதோ செஞ்சுட்டேன்னு தெருவுல பேசிக்கிறாங்களாம். சிரிப்புத்தான் வருது. வீடு என் பேர்லதான் இருக்கு, அப்பா இருக்கும்போதே எழுதி வச்சுட்டுப் போயிட்டாரு. ஈசுவரன் கோயில் வீதியில போயி யாரை வேணாக் கேளுங்க. எனக்கு வேண்டியிருந்தது வீடு இல்லீங்க. ஞாயித்துக்கிழமை.

சிரிக்காதீங்க, சொல்றேன்.

தம்பி பொஸ்த்துல வேலை பார்த்தான். தபால் ஆபீஸை நாங்க இன்னும் அப்படித்தான் சொல்லுவோம். அம்பத்திநாலுல பிரெஞ்சுக்காரங்க மூட்டை கட்டினப்ப, அவனுக்கு மேல இருந்த துரை தன் புள்ளைங்க விளையாடின ரயிலை இவன் கையில குடுத்துட்டுப் போனாரு. பச்சை இஞ்சின், சிவப்புப் பெட்டி, வளைச்சு மாட்டற தண்டவாளம். சாவி குடுத்தா ஓடும். அன்னிக்கு அதைத் தூக்கிக்கிட்டு வந்தவன் முகத்தைப் பார்க்கணும் நீங்க. தலை நரைக்க ஆரம்பிச்ச ஆம்பளை, சட்டையைக் கூடக் கழட்டாம கூடத்துலயே தரையில உக்காந்துட்டான். சோறு ஆறிப்போச்சுடான்னு நான் கத்தறேன், காதுலயே விழல. அப்புறம் நானும் பக்கத்துல போயி உக்காந்தேன்.

மாடிக் கூடம் பூரா பலகை போட்டு அந்த ரயிலுக்கு ஊரு கட்டினோம். ஒரு பக்கம் புதுச்சேரி ஸ்டேஷன், இன்னொரு பக்கம் விழுப்புரம். காகிதத்தைக் கூழாக்கி மலை செஞ்சோம். விழுப்புரத்துப் பக்கம் எங்கேடா மலை இருக்குன்னு கேட்டேன். செஞ்சி தூரத்துல தெரியும்க்கான்னான். பச்சை ரவிக்கைத் துணியில கொடி தைச்சு வச்சுக்கிட்டு நான்தான் ஸ்டேஷன் மாஸ்டர். சாவியும் என்கிட்டதான். அவன் கைக்கு நிதானம் போதாது, அதிகமா முடுக்கி ஸ்பிரிங்கை அறுத்துடுவான்னு நான் வாங்கி வச்சுக்கிட்டேன். ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும், அக்கா, சாவின்னு வந்து நிப்பான். அப்படி ஒருத்தர் தினமும் வந்து நம்ம எதிர்ல நிக்கிற சுகம் உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, எனக்குத் தெரியும்.

அப்புறம் ஸ்டாம்பு. நம்ம ஊரு பழைய ஸ்டாம்பெல்லாம் இனிமே செல்லாதுன்னு ஆனதும் அவனுக்கு மனசு கேக்கல. பழைய கவருங்களை ஊரெல்லாம் கேட்டு வாங்கிட்டு வருவான். தண்ணியில ஊறப்போட்டு, கிழியாம உரிச்சு, வெள்ளைத்துணியில காயப்போடறது என் வேலை. ஆல்பத்துல ஒட்டறது அவன் வேலை. எனக்கும் தனியா ஒரு சின்ன ஆல்பம் வச்சுக் குடுத்திருந்தான். அதுல கோபுரம் போட்டதாப் பார்த்துச் சேர்த்தேன்.

பஸ்ஸைப் பத்திக் கொஞ்சம் விவரமாச் சொல்லணும். நீங்க மெட்ராஸ் பக்கத்துலேருந்து வந்த இன்ஸ்பெக்டரு, பழைய கதை தெரிஞ்சிருக்காது. பிள்ளைச்சாவடி எங்க ஊரைச் சேர்ந்த கடற்கரைக் குப்பம். ஆனா நடுவுல இருக்கிற கோட்டக்குப்பம் மெட்ராஸ் சர்க்கார் மண்ணு. வெள்ளைக்காரங்க இருந்த வரைக்கும் எல்லையில துவான் இருந்துச்சு, அதாவது சுங்கக் கொட்டாய். பஸ்ஸை நிறுத்தி மூட்டை முடிச்செல்லாம் பிரிச்சுப் பார்ப்பாங்க. அவசரத்துக்குன்னு நடுவழியில எறங்கினவனை விட்டுட்டு பஸ் போயிடும். அப்புறம் நீ அந்தப் பக்கத்து ஆளா, இந்தப் பக்கத்து ஆளான்னு கேட்டு உயிரை எடுப்பாங்க. அதனால எங்கப்பா கண்டிசனாச் சொல்லி வச்சிருந்தாரு, ஏறினா கடைசி வரைக்கும் எறங்கக் கூடாதுன்னு.

அதே அம்பத்திநாலு நவம்பர்ல துவான் கதவைத் தூக்கிட்டாங்க. யாரும் எங்க வேணா ஏறலாம், எங்க வேணா எறங்கலாம். ஆனா அப்பா சொன்னதைத் தம்பி ஒரு விளையாட்டா ஆக்கிக்கிட்டான். ஞாயித்துக்கிழமை சாப்பிட்டதும் ஏதாவது ஒரு பஸ்ஸுல ஏறுவோம். பாகூர், வில்லியனூர், கோரிமேடு, எங்க போனாலும் கடைசி ஸ்டாப் வரைக்கும் போகணும். திரும்பும்போதும் நம்ம ஸ்டாண்டு வர்ற வரைக்கும் எறங்கக் கூடாது. நடுவுல யாரு மணிக்கயித்தை இழுத்து பஸ்ஸை நிறுத்தறாங்களோ அவங்க தோத்தவங்க. தோத்தவங்க ஆல்பத்துலேருந்து ஜெயிச்சவங்க கேக்கிற ஸ்டாம்பைக் குடுத்துடணும். குழந்தைத்தனம்தான். ஆனா எட்டு வருஷம் அதை நாங்க ஒரு தடவை கூட மீறினதில்ல. ஒருமுறை வில்லியனூர்லேருந்து வர்றப்ப எனக்கு வயித்தைப் புரட்டிப் புரட்டி எடுத்துச்சு. எறங்கிடுக்கா, நான் கணக்குல வச்சுக்கலன்னு தம்பி கெஞ்சறான். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்தே வந்தேன். விளையாட்டுன்னா விளையாட்டுதானே.

எல்லாத்துலயும் எங்களுக்குப் பிடிச்சது பிள்ளைச்சாவடி பஸ்ஸுதான். கண்டக்டர் பக்கிரி எங்களுக்குன்னு இடது பக்கத்து முன் ஸீட்டை வச்சிருப்பான். என்னம்மா, அக்காவும் தம்பியும் ராஜ்யம் பார்க்கக் கிளம்பிட்டீங்களான்னு கிண்டல் பண்ணுவான். குப்பத்துல எறங்கி, வலை உலர்த்தற மணல்ல கொஞ்ச நேரம் உக்காந்து, டீக்கடையில பட்டாணிச் சுண்டல் வாங்கித் தின்னுட்டு, அதே பஸ்ஸுல திரும்புவோம். அவ்வளவுதான் எங்க சந்தோஷம். இதுல யாருக்கு என்ன கெடுதல், நீங்களே சொல்லுங்க.

அவனுக்கு ஏன் கல்யாணம் பண்ணி வைக்கலன்னு கேக்கிறீங்க. பண்ணாம இருப்பேனா. அம்பத்தாறுலயோ ஏழுலயோ பாகூர்ல ஒரு பொண்ணு பார்த்தோம். நல்ல இடம்தான். பொண்ணு பார்க்கப் போற அன்னிக்குக் காலையில தம்பிக்குப் பேதி புடுங்கிக்கிச்சு. எழுந்திருக்க முடியல. சகுனம் சரியில்லன்னு அவங்களே விட்டுட்டாங்க. அது பெரிய மருந்து ஒண்ணும் இல்லீங்க, நாட்டு மருந்துக் கடையில புள்ளைங்களுக்கே குடுக்கிறதுதான், பாயசத்துல கலந்தா தெரியாது. சாயங்காலமே அவன் எழுந்து உக்காந்து கஞ்சி குடிச்சுட்டு ரயில் விட்டான். சிரிச்சுக்கிட்டேதான் இருந்தான். அவனுக்கு அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் பெரிய ஆசை இல்லைன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

எழுதிக்கிட்டீங்களா. சரி.

சந்திரகலா வந்தது போன வருஷம். பள்ளிக்கூடத்து டீச்சர், அதனால தம்பி அவளை மதாம்னுதான் கூப்பிடுவான். புருஷன் செத்து நாளாச்சு. ஒரே பையன் பிரெஞ்சுப் பட்டாளத்துல சேர்ந்து பிரான்சுல மர்செய்ங்கிற ஊருல இருக்கான். அவன் போடற கடுதாசுல ஒட்டின ஸ்டாம்பையெல்லாம் குடுக்கறேன்னு வந்தவதான். நான் அவளை ஒண்ணும் மொறைக்கல. காபி போட்டுக் குடுத்தேன், முறுக்கு வச்சேன். அவளும் அக்கா அக்கான்னு தழைஞ்சுதான் பேசினா. கெட்டவன்னு அவளைச் சொல்ல மாட்டேன்.

ஆனா ஒருநாள் நான் தட்டுல ஸ்டாம்பை உரிச்சுக்கிட்டிருக்கும்போது, கைவிரல் எண்ணெய் பட்டா கெட்டுப்போயிடும், இடுக்கியாலதான் எடுக்கணும்னு சொல்லி ஒரு இடுக்கியைப் பையிலேருந்து எடுத்து வச்சா. தம்பியும் ஆமாங்கிற மாதிரி தலையாட்டினான். அன்னியிலேருந்து ஸ்டாம்பை ஊறப்போடற வேலை அவளுக்குப் போயிடுச்சு. அந்த வாரமே தம்பி வந்து, அக்கா, சாவின்னு கேட்டான். குடுத்தேன். வாங்கி அவ கையில குடுத்து, நீங்க முடுக்குங்க மதாம்னான். எனக்கு வயிறு எரிஞ்சுது. பொய் சொல்லி என்ன ஆகப் போவுது, பத்திக்கிட்டு எரிஞ்சுது. கொடியை ஆட்டிட்டு நான் கீழ எறங்கிப் போயி, அரிசி களைஞ்சுக்கிட்டே அழுதேன்.

இந்த ஆகஸ்டுல ஊரு சட்டப்படி இந்தியாவோட சேர்ந்துச்சு இல்லீங்களா. பிரெஞ்சுக் குடியா இருக்க விரும்பறவங்க ஆறு மாசத்துக்குள்ள சொல்லிடணும்னாங்க. சந்திரகலா உடனே சொல்லிட்டா, பையன் அங்க இருக்கானே. ரெண்டு நாள் கழிச்சுத் தம்பியும் போயி சொல்லிட்டு வந்து நின்னான். மேரியில பதிவுக் கல்யாணம் பண்ணிக்கிட்டு மர்செய்க்குப் போறதா முடிவு பண்ணியிருக்கோம்னான். மேரின்னா இங்க முனிசிபல் ஆபீஸ். நீயும் வாக்கா, அங்க நெச ரயில்ல ஏறி நாடு பூரா சுத்தலாம்னு சொன்னான். சொல்லணுமேன்னு சொன்னதுதான். இந்த வயசுல எனக்கு என்ன பாஷை வரும், என்ன குளிர் தாங்கும். அவனுக்கு அது தெரியாதா. மூணு நாலு தடவை சொன்னான், ஒருநாள் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கூடச் சொன்னான். மரியாதைக்குச் சொல்றவங்க அப்படித்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுவாங்க.

நான் வரலைன்னேன். உன் சந்தோஷம்தான் என் சந்தோஷம், நல்லபடியா போயிட்டு வாடான்னும் சொன்னேன். சந்திரகலாவைக் கேளுங்க, அவளும் பக்கத்துலதான் இருந்தா.

இப்ப மாத்திரைக்கு வர்றேன். அதைத்தான் நீங்க அப்பலேருந்து சுத்திச் சுத்திக் கேக்கிறீங்க.

தம்பிக்கு நெஞ்சுவலி உண்டு. வேலையை முன்கூட்டியே விட்டதே அதனாலதான். முத்தியால்பேட்டையில பெரிய ரோட்டு மேலயே இருக்கிற டாக்டர்தான் அவனைப் பார்த்துக்கிட்டாரு. வலி வந்தா நாக்குக்கு அடியில வச்சுக்கச் சொல்லி சின்னச் சின்ன வெள்ளை மாத்திரை குடுத்திருந்தாரு. வச்சா சுருக்குன்னு நாக்குல காரமா இருக்கும், தலை கொஞ்சம் கனக்கும், ஆனா வலி அப்படியே எறங்கிடும். கண்ணாடிக் குழாயில போட்டுச் சட்டைப்பையில வச்சுப்பான். குழாயை ரொப்பறது நான். அந்த வீட்டுல உப்புலேருந்து மாத்திரை வரைக்கும் எல்லாம் என் கையாலதான்.

கப்பல் ஏற டாக்டர் சரின்னு சொல்லணும். ஒரு மாசம் பெரிய வலி இல்லாம இருந்தா தாராளமாப் போகலாம்னாரு. இதை அவரு என்னை வச்சுக்கிட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. அவரு மேலயும் ஒரு பங்கு தப்பு இருக்குங்க, அதையும் எழுதிக்குங்க.

ஜலதோஷத்துக்கு ஹோமியோபதிக்காரர் குடுக்கிற சர்க்கரை மாத்திரை என்கிட்ட ஒரு சீசா இருந்துச்சு. மருந்து தெளிக்காத வெறும் சர்க்கரை. பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். முதல் தடவை நான் பாதிதான் மாத்தினேன். பாதி அது, பாதி இது. வலி வர்ற நேரத்துல அவன் கைக்கு எது வருதோ அது வரட்டும், கடவுள் பார்த்துக்கட்டும்னு விட்டுட்டேன். அதுக்கு மேல ஒரு மனுஷி நியாயமா என்ன செய்ய முடியும்.

ஐப்பசி அடைமழையில ஒருநாள் மாடிப்படி ஏறும்போது வலி வந்துச்சு. ஒண்ணு வச்சான், எறங்கல. இன்னொண்ணு வச்சான். மூணாவது எது வந்துச்சோ, கொஞ்ச நேரத்துல அடங்கிடுச்சு. நான் ராத்திரி பூரா நெஞ்சைத் தடவிக்கிட்டு பக்கத்துலயே உக்காந்திருந்தேன். டாக்டர் பார்த்துட்டு, இந்தக் கப்பல் வேணாம், அடுத்ததுக்குப் பார்க்கலாம்னுட்டாரு. சந்திரகலா முகம் வாடிப்போச்சு. தம்பியைப் படுக்க வச்சுக்கிட்டு பத்து நாள் கஞ்சியும் ரசமுமா பார்த்துக்கிட்டேன். ராத்திரி ரயிலைக் கட்டிலுக்குப் பக்கத்துலயே கொண்டுவந்து விட்டோம். பழைய மாதிரி, நாங்க ரெண்டு பேர் மட்டும். அந்தப் பத்து நாளு மாதிரி இனிமே எனக்குக் கிடைக்காது.

அதனால அடுத்த தடவை குழாயை ரொப்பும்போது பாதி எதுக்குன்னு தோணிச்சு.

நான் விஷம் வைக்கல. அதை நல்லா மனசுல வாங்கிக்குங்க. சர்க்கரைக்கு எந்த ஊரு கோர்ட்டுல தண்டனை இருக்கு. அவன் சாகணும்னு ஒரு நிமிஷம் கூட நான் நெனச்சதில்ல. சாகறவனோட யாரு பஸ்ஸுல போவா. அவன் கொஞ்சம் முடியாம இருந்தாப் போதும். கப்பல் ஏற முடியாத அளவுக்கு. வீட்டோட இருக்கிற அளவுக்கு. எத்தனையோ பேரு வருஷக்கணக்கா முடியாமலே இருந்து, பார்த்துக்க ஆளு இருந்தா சந்தோஷமாத்தான் காலம் தள்றாங்க.

ஒண்ணு சொல்றேன், இதை நான் யார்கிட்டயும் சொல்லல. கார்த்திகையில ஒருநாள் லேசா வலி வந்து ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில வச்சவன், என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"இனிக்குதுக்கா"ன்னான்.

கம்பெனி மாத்தியிருப்பான்டா, இப்பல்லாம் எல்லாத்துலயும் சர்க்கரையைப் போடறாங்கன்னு சொன்னேன். அப்படியான்னு கேட்டுட்டு சிரிச்சான். டாக்டர்கிட்ட அதைக் கேக்கல. சந்திரகலாகிட்டயும் சொல்லல. அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல காலிக் குழாயைத் தானே கொண்டுவந்து என் கையில குடுத்து, ரொப்பிக் குடுக்கான்னான். அவன் ஒண்ணும் முட்டாள் இல்லீங்க. ஸ்டாம்பு நெசமா போலியான்னு பார்த்த மாத்திரத்துல சொல்றவன். அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் குழாயை என் கையில குடுத்தான்னா அதுக்கு என்ன அர்த்தம். அக்கா என் நல்லதுக்குத்தான் செய்யும்கிற அர்த்தம்தானே. நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

ஆனா அவன் உடம்பு என்னை ஏமாத்திடுச்சு. வலி வர்றது நின்னு போச்சு. சந்திரகலா அவனை மாடிப்படி ஏறவே விடல, ரயிலைக் கூடக் கீழக் கொண்டுவந்து வச்சா. டாக்டர் சரின்னுட்டாரு. இந்த வியாழக்கிழமை மேரியில கல்யாணம்னு முடிவாச்சு, தை மாசக் கப்பல். ஞாயித்துக்கிழமை காலையில தம்பி என்கிட்ட வந்து, ரயிலை மறுபடி மாடியில அதோட இடத்துலயே மாட்டி வச்சுட்டேன்க்கா, பெட்டி கட்டற வரைக்கும் அங்கயே இருக்கட்டும்னான். அப்புறம், இன்னிக்கு நம்ம ரெண்டு பேர் மட்டும் பிள்ளைச்சாவடி பஸ்ஸுல போயிட்டு வரலாம், கடைசித் தடவையான்னான்.

கடைசித் தடவைங்கிற வார்த்தையை அவன் சொல்லியிருக்க வேணாம்.

அன்னிக்குத் தண்டவாளத்தை மாட்டறதுக்காகப் படியில நாலஞ்சு தடவை ஏறி எறங்கியிருக்கான். எனக்குத் தெரியும், கீழேருந்து சத்தம் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். தடுக்கல.

செத்த பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். வீட்டுல கிடத்தியிருக்கு, தெரு பூரா கூடியிருக்கு. சந்திரகலா அழவே இல்ல. அவன் சட்டைப்பையிலேருந்து குழாயை எடுத்தா, மூடியைத் திறந்தா, ஒரு மாத்திரையைத் தன் நாக்குக்கு அடியில வச்சா. எல்லாரும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்து மெதுவாத்தான் கேட்டா.

"இது ஏன்க்கா இனிக்குது?"

தம்பி சொன்ன அதே வார்த்தை. அவன் சொல்லும்போது சிரிப்பு இருந்துச்சு, இவகிட்ட இல்ல. இடுக்கியால எடுத்த மாதிரி கேட்டா. அவளுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்ல, அதனால நான் சொல்லல. உங்களுக்குச் சொல்றேன்.

பஸ்ஸுல என்ன நடந்துச்சுன்னு பக்கிரி உங்ககிட்ட சொல்லியிருப்பான். நல்ல பையன், பொய் சொல்ல மாட்டான். அவன் சொன்னதெல்லாம் சரிதான். இருந்தாலும் நானும் சொல்லிடறேன்.

போகும்போது ஒண்ணும் இல்ல. குப்பத்துல மணல்ல உக்காந்து சுண்டல் தின்னோம். அங்க போனா உனக்கு மாசா மாசம் புது ஸ்டாம்பு அனுப்பறேன்க்கான்னான். கோபுரம் போட்டது அங்க ஏதுடான்னேன். சர்ச்சுக் கோபுரம் போட்டது இருக்குமேன்னான். சிரிச்சோம். திரும்பி வர்ற பஸ்ஸுல கோட்டக்குப்பம் தாண்டினதும் அவன் பேச்சு நின்னு போச்சு. நெத்தி வேர்த்துது. குழாயைத் திறந்து ஒண்ணு வச்சான், இன்னொண்ணு வச்சான். அப்புறம் குழாயை மூடி, திரும்பப் பையிலயே போட்டுக்கிட்டான். மூணாவதை அவன் எடுக்கவே இல்ல. அது எனக்குக் கொஞ்சம் சங்கடமா இருந்துச்சு.

முத்தியால்பேட்டையில டாக்டர் வீட்டு வேப்பமரம் தெரிஞ்சுது. அப்பதான் சொன்னான்.

"அக்கா, நான் எறங்கணும்."

நான் அவன் முதுகைத் தடவிக் குடுத்துக்கிட்டே சொன்னேன். "கடைசி வரைக்கும்டா கலியா. நீ போட்ட விளையாட்டுதானே."

பக்கிரி ஓடி வந்தான். என்னம்மா ஐயாவுக்கு மூஞ்சி வெளிறிப் போச்சு, டாக்டர் வீட்டாண்ட நிறுத்தட்டுமான்னு கேட்டான். வாயுத் தொந்தரவுப்பா, இவருக்கு இப்படித்தான் வரும், மாத்திரை போட்டிருக்காரு, ஸ்டாண்டுக்குப் போறதுக்குள்ள சரியாயிடும்னேன். அவன் என்னையே பார்த்துக்கிட்டு நின்னான். எட்டு வருஷமா பழகினவ சொல்றேனே, நம்பினான். போய் டிக்கெட் கிழிக்க ஆரம்பிச்சான். அவனை ஒண்ணும் சொல்லாதீங்க, அவன் மேல தப்பே இல்ல. வேப்பமரம் எங்க ஜன்னலைத் தாண்டிப் போச்சு. தம்பி அதையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டிருந்தான். அப்புறம் என் தோள்ல சாய்ஞ்சுக்கிட்டான், சின்ன வயசுல சாய்ஞ்சுக்கிற மாதிரியே. ஸ்டாண்டுல எல்லாரும் எறங்கின பிறகும் நாங்க ரெண்டு பேரும் அப்படியே உக்காந்திருந்தோம்.

ஆமாங்க, என் தம்பியை நான்தான் கொன்னேன்னு நீங்க எழுதிக்கிட்டா நான் கையெழுத்துப் போடறேன். அதுக்குத்தானே இவ்வளவும் சொன்னேன். ஆனா அதுக்குக் கீழ ஒரு வரி சேர்த்துக்குங்க. அவன் எறங்கணும்னு நெசமாவே நெனச்சிருந்தா மணியை இழுத்திருப்பான். கயிறு எங்க ஸீட்டுக்கு நேர் மேலதான் போவுது, உக்காந்தபடியே எட்டும். அவன் இழுக்கல. என்னை விட்டுட்டுப் போக அவனுக்கு மனசே வரல. அது எனக்கு நிச்சயமாத் தெரியுங்க, ஏன்னா மணி இழுக்கிற அந்தக் கையை முத்தியால்பேட்டையிலேருந்து ஸ்டாண்டு வர்ற வரைக்கும் என் ரெண்டு கையாலயும் நான்தான் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்.